வாசல்படி தாண்டும் சேதி

திருக்குறளில் புறங்கூறாமை 19ஆம் அதிகாரம். பயனில சொல்லாமை அதற்கு அடுத்தது. இரண்டையும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்த நாட்டில், இரண்டு தோழிகள் போனில் மழையையும் குழம்பையும் மாமியாரின் முட்டிவலியையும் பற்றி அரைமணி நேரம் பேசினால், அந்தப் பேச்சை இரண்டில் ஒன்றில் தள்ளிவிடுவது எளிது. மழையும் குழம்பும் வெட்டிப்பேச்சு. மாமியார் பேச்சு புறணி. பேசுகிறவர்கள் பெண்கள் என்றால் தீர்ப்பு இன்னும் வேகமாக வரும்.

வீட்டுச் சேதியை நட்பிடம் சொல்வது தகுமா, எதுவரை தகும் என்பது இதைவிடப் பொறுமையாகப் பார்க்க வேண்டிய கேள்வி. ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால், ஒருவர் வாய் திறக்கும்போது மற்ற மூவரின் சேதியும் கூடவே வெளியே போகிறது. தன் பாட்டைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை அந்த மூவருக்கும் உண்டு. சொல்லி ஆற்றிக்கொள்ளும் உரிமை இவருக்கும் உண்டு. இந்த இரண்டு உரிமைகளும் ஒரே போன் பேச்சுக்குள் மோதிக்கொள்கின்றன.

முதலில் மழையைப் பற்றி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வெள்ளம் சூழ்ந்தது. பல ஊர்களில் மின்சாரம் போய், செல்போனும் எடுக்கவில்லை. தினமும் "அங்க மழையா?" என்று கேட்டுப் பழகிய வெளியூர் நண்பருக்கு, அந்த வீட்டில் பின்கட்டு தாழ்வு என்பதும், படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார் என்பதும், மாடி கிடையாது என்பதும் முன்பே தெரியும். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு முதலில் ஆள் போக வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அவர். அந்தத் தகவல் ஒரே நாளில் சேர்ந்ததில்லை. துணி காயவில்லை, கொல்லையில் தண்ணீர் நிற்கிறது, மாமாவால் எழுந்து நடக்க முடியவில்லை என்று வருஷக்கணக்காகச் சொன்ன சின்னச் சின்னச் சேதிகளில் சேர்ந்தது.

வானம் பார்த்த பூமியில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் வீட்டில், மழை உண்டா என்று கேட்டால் உளுந்தும் மக்காச்சோளமும் முளைத்ததா, அடகு வைத்த நகையைத் திருப்ப முடியுமா, மகள் கல்யாணத்தைத் தையில் வைக்கலாமா என்று கேட்டதாகும். நேராகக் கேட்டால் சங்கடம். மழையைக் கேட்டால், சொல்ல விரும்புகிறதைச் சொல்லலாம். விரும்பாததை "பாப்போம், கார்த்திகையிலயாவது பெய்யும்" என்று விட்டுவிடலாம். எதிராளியின் மானத்தைக் காத்துக்கொண்டே நலம் விசாரிக்கும் இந்தப் பழக்கத்தைப் பயனில்லாத சொல் என்று தள்ள முடியாது.

திருநெல்வேலிப் பக்கத்துத் தோழிகள் இருவர் பேச்சு இப்படிப் போகும்:

"ஏட்டி, அங்க மழையா?"

"நேத்து ராத்திரி புடிச்சது, இன்னும் விடல. துணி ஒண்ணும் காயல."

"அண்ணன் வீட்லயா இருக்காவ?"

"இல்ல, வெளிய போயிருக்காவ."

தோழியின் கணவரைப் பற்றிய இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தபிறகுதான் பேச்சு தொடங்கும். குரல் தணியும். "நேத்தும் குடிச்சிட்டுத்தான் வந்தாவ" என்று ஆரம்பித்து, சோற்றுத் தட்டை எறிந்தது, பிள்ளைகள் மூலையில் நின்று பார்த்தது, தோளில் கன்றிப்போன இடம் என்று ஒவ்வொன்றாக வரும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் குரல் சட்டென்று உயர்ந்து, பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்: "ஆமாட்டி, இங்கயும் மழைதான். அடுப்புல பால் இருக்கு, வைக்கட்டா?" எதிர்முனையில் இருப்பவளுக்கு விளக்கம் தேவைப்படாது. பல வருஷம் மழையையும் குழம்பையும் பேசியிருந்ததால்தான் இதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தாள். ஒருநாளும் பேசாத ஒருத்தியைத் திடீரென்று அழைத்து, என் புருஷன் அடிக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

இப்படிச் சொன்னது தப்பு என்கிறது ஊர்வழக்கு. வீட்டு விஷயம் வாசல்படி தாண்டக் கூடாது என்று மகளைக் கட்டிக்கொடுக்கும்போதே சொல்லி அனுப்புகிறார்கள். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 14 சதவீதத்தினரே அதை நிறுத்த எவரிடமாவது உதவி தேடியிருக்கிறார்கள். நான்கில் மூன்று பேருக்கும் மேல் உதவியும் தேடவில்லை, ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. வாசல்படி விதி எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதற்கு இந்த எண்களே போதும். குடும்ப மானம் என்ற பெயரில் காக்கப்படுவது அடித்தவரின் மானம். அடிபட்டவளுக்கு அதில் பங்கு இல்லை.

அதே வீட்டிலிருந்து வேறு சேதிகள் தடையில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. கோயில் பிராகாரத்தில், ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில் மாமியார் தன் சிநேகிதியிடம் சொல்கிறார்: "மூணு வருஷமாச்சு, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்ல. டாக்டரப் பாத்துட்டுத்தான் இருக்கா." எந்த டாக்டர், எத்தனை ஊசி, போன மாதம் நாள் தள்ளிப்போய்ப் பிறகு கலைந்தது வரை அந்தப் பேச்சில் வந்துவிடும். வயதுக்கு வந்த பெண்ணின் படத்தை ஃபிளெக்ஸில் போட்டு ஊருக்கே அறிவிக்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்பதில்லை. பொதுத்தேர்வில் முதலிடப் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசே 2017இல் நிறுத்திவிட்டது, பிள்ளைகள் மேல் விழும் அழுத்தம் குறையட்டும் என்று. ஆனால் பெற்றோரின் வாட்ஸ்அப்பில் மதிப்பெண் பட்டியல் இன்னும் போகிறது. குறைவாக எடுத்த பிள்ளையின் கதை அதைவிட விரிவாகப் போகிறது.

வாசல்படி விதி தலைகீழாக நிற்பது இங்கேதான். சொல்லப்பட வேண்டியதை அடக்குகிறோம்; அடக்க வேண்டியதை அவிழ்த்துவிடுகிறோம். வலுத்தவர் செய்தது ரகசியம், இளைத்தவருக்கு நேர்ந்தது பொதுச்சேதி. ஆகவே சேதி வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று கேட்பதால் எதுவும் தெளியாது. சேதி வெளியே போனால் யார் தலை குனிய வேண்டியிருக்கும், அவருக்கு அந்த வீட்டில் என்ன பலம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். மருமகளின் கர்ப்பம் கலைந்ததை மருமகளே தோழியிடம் சொல்லி அழுவதும், மாமியார் தன் தோழியிடம் சொல்லி அங்கலாய்ப்பதும் ஒரே சேதிதான். அறத்தில் இரண்டும் வெவ்வேறு செயல்கள். மாமியாருக்கும் அதில் உண்மையான துக்கம் இருக்கலாம். "மனசு சரியில்ல" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டால் கேட்கிற நட்புக்கு அது போதும்.

இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் எளிதாகப் பொருந்திவிடாது. பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். அவர் படுக்கையில் கிடக்கிறார், எதையும் மறுத்துப் பேச முடியாதவர். அவளும் அந்த வீட்டில் பலம் உள்ளவள் இல்லை; ராத்திரி நாலு தடவை எழுந்து, சோறூட்டி, மலம் அள்ளி, துணி அலசுகிறாள். அவள் தோழியிடம் எதைச் சொல்லலாம்? தூக்கம் இல்லை, முதுகு ஒடிகிறது, சில நேரம் கோபத்தில் கத்திவிடுகிறேன், பிறகு அழுகை வருகிறது: இவை அவளுடைய பாடு, சொல்ல யார் அனுமதியும் வேண்டாம். சொல்லாமல் அடக்கினால் அந்தக் கோபம் படுக்கையில் கிடப்பவர் மேல்தான் இறங்கும். அவர் உடம்பின் அவலத்தை விவரிப்பது வேறு. ஒரு காலத்தில் வெள்ளை வேட்டியில் கறை படாமல் நடந்தவர் அவர். அந்த விவரம் மூன்றாவது வீட்டில் பேசப்படுவதை அறிந்தால் நொந்துபோவார்.

ஆனால் அந்த விவரமேகூடத் தேவைப்படும் நேரம் வருகிறது. இடுப்பில் தோல் சிவந்திருக்கிறது, என்ன செய்வது என்று தன் தாயைப் படுக்கையில் வைத்துப் பார்த்த தோழியிடம் அவள் கேட்கிறாள். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வை, காற்று மெத்தை வாடகைக்குக் கிடைக்கும், தோல் உரிந்தால் தாமதிக்காமல் நர்ஸைக் கூப்பிடு என்று பதில் வருகிறது. இங்கே வெளியே போன சேதி மாமனாருக்காகவே போனது. படுக்கைப்புண் வராமல் அவரைக் காப்பாற்றியது. யாருடைய சேதியோ அவருக்கு நன்மையாகத் திரும்பி வருமென்றால், அவர் கேட்டுக்கொண்டதைப் போலவே அதைக் கொள்ளலாம்.

தன் பாட்டை நட்பிடம் சொல்லும் இந்தப் பழக்கம் ஆண்களிடம் மிகக் குறைவு. டீக்கடையில் தேர்தல் முதல் கிரிக்கெட் வரை பேசுவார்கள். கந்துவட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிப்பதை அடுத்த பெஞ்சில் இருக்கும் இருபது வருஷத்து நண்பனிடம் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும் என்று அந்த நண்பன் பிறகு புலம்புவதை எத்தனையோ துக்க வீடுகளில் கேட்கலாம்.

கேட்கிறவரின் கடமையும் சொல்கிறவரின் கடமைக்குச் சளைத்ததில்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதைச் சட்டம் காக்கிறது. கணவன் மனைவி தமக்குள் பேசிக்கொண்டதையும், சில விலக்குகள் தவிர, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் காத்தது. அதன் இடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் காக்கிறது. நண்பரிடம் சொன்னதற்கு அப்படி ஒரு வேலி எந்தச் சட்டத்திலும் இல்லை. கேட்டவரின் குணம் ஒன்றே காவல். அதை உடைக்கும் பழக்கங்கள் வெகு சாதாரணமாகத் தெரிகின்றன. புருஷனிடம் சொல்வதைச் சொல்வதாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை. அவர் அண்ணனிடம் சொல்ல, அண்ணன் வீட்டில் சொல்ல, ஒரே வாரத்தில் சேதி புறப்பட்ட தெருவுக்கே திரும்பி வருகிறது. தோழி அனுப்பிய வாய்ஸ் நோட்டை இன்னொருத்தியிடம் போட்டுக் காட்டுவது அதைவிடப் பெரிய துரோகம். சேதியோடு அவள் அழுகையும் போய்விடுகிறது. திருக்குறளில் நட்பு 79ஆம் அதிகாரம் என்றால், அடுத்ததே நட்பாராய்தல். நட்பைப் போற்றிய கையோடு ஆளைப் பார்த்துப் பழகு என்று சொல்ல வேண்டியிருந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்லிராத" என்று வாக்கு வாங்கிக்கொண்டு சொல்லும் சேதிதான் எல்லாவற்றிலும் கடினமானது. பெரும்பாலான நேரம் அந்த வாக்கைக் காக்கத்தான் வேண்டும். அவள் கேட்டது காது, புத்திமதி இல்லை. பஞ்சாயத்துப் பேச யாரையும் அனுப்பச் சொல்லவில்லை. அவசரப்பட்டு அவள் அம்மாவுக்குப் போன் போட்டால், பேச இருந்த ஒரே இடத்தையும் அவள் இழப்பாள்.

அடி உயிருக்கு ஆபத்தாக மாறும்போது, அல்லது வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வரத் தொடங்கும்போது, வாக்கு தன் பிடியை இழக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ஒரு பெண் துன்புறுத்தப்படுகிறாள் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர்மேல் வழக்கு வராது. சமூக நலத்துறையின் கீழ் மாவட்டந்தோறும் அந்த அலுவலர் இருக்கிறார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. தோழி அந்த எண்ணை அழைக்கலாம். அழைக்கும் முன், முடிந்தால், சொல்லப் போகிறேன் என்பதை அவளிடமே சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாது. அவள் கோபப்படுவாள். நம்பிக்கைத் துரோகி என்பாள், மாதக்கணக்கில் பேசாமல் இருப்பாள், மழையைக்கூட விசாரிக்க மாட்டாள். அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டுதான் அழைக்க வேண்டும். கோபித்துக்கொள்ள அவள் உயிரோடு இருப்பது முக்கியம்.