யாருக்காக ஆடுவது

பஃபலோ நகரத்தின் மையத்தில் 1996இல் திறக்கப்பட்ட பெரிய அரங்கு. பனி ஹாக்கிக்காகக் கட்டியது. அதில் செயற்கைப் புல் விரித்து பாண்டிட்ஸ் அணி லாக்ரோஸ் ஆடுகிறது. பக்கத்துக்கு ஆறு பேர். நுனியில் பின்னல் பை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி ஓடுகிறார்கள், மோதுகிறார்கள், வலைக்குள் எறிகிறார்கள். ஆட்டம் நடக்கும்போதே ஒலிபெருக்கியில் பாட்டு அலறுகிறது. சீட்டு வாங்கியவனை ஒரு விநாடிகூட சும்மா இருக்கவிடக் கூடாது என்பது ஏற்பாடு.

ஹோடெனோஷோனி மக்களின் ஆட்டம் இது. இரோக்வாய் என்று பிறர் பெயரிட்ட ஆறு இனங்களின் கூட்டமைப்பு அவர்கள். படைத்தவன் மகிழ ஆடுவது என்பது அவர்கள் நம்பிக்கை, மருந்தும்கூட. நோயுற்ற ஒருவருக்காக ஆடும்போது எந்தப் பக்கம் வென்றது என்பது பொருட்டல்ல.

அரங்கில் உட்கார்ந்ததும் எனக்குச் சுலபமாகத் தோன்றிய முடிவு: புனிதம் சந்தைக்கு வந்துவிட்டது, போயிற்று. இப்படிச் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு சிரமமும் இல்லை. வருத்தப்பட்டுவிட்டு வீடு திரும்பலாம்.

ஆனால் இந்த வருத்தத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1867இல் மான்ட்ரியல் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தார். 1880இல் கனடாவின் லாக்ரோஸ் சங்கம் அமெச்சூர்களுக்கு மட்டும் என்றாகியது. பணம் வாங்கி ஆடுகிறவர்கள் என்று சொல்லி, ஆட்டத்தைத் தந்தவர்களையே சாம்பியன் போட்டிகளிலிருந்து வெளியே நிறுத்தினார்கள். தூய்மை என்ற சொல்லை அன்று பயன்படுத்திக்கொண்டவர்கள் அவர்கள். இன்று அந்த மக்களில் ஒருவன் சம்பளத்துக்கு ஆடுவதைப் பார்த்துப் புனிதம் போயிற்று என்று நான் சொன்னால், அதே கதவைத்தான் வேறு பக்கத்திலிருந்து சாத்துகிறேன். அவன் பூசாரியாகவே இருக்க வேண்டும், நான் மட்டும் எதுவாகவும் இருக்கலாம் என்பது என்ன நியாயம்?

ஆகவே களங்கம் பணத்தில் இல்லை. பின் எங்கே?

2019 ஜனவரியில் பிலடெல்பியாவில் ஓர் ஆட்டம். ஒனொன்டாகா இனத்தைச் சேர்ந்த லைல் தாம்ப்சன் எதிரணியில் ஆடினார். அவருடைய சடையை வெட்ட வேண்டும் என்று அரங்க அறிவிப்பாளர் ஒலிபெருக்கியிலேயே கேலி பேசினார். உறைவிடப் பள்ளிகளில் பழங்குடிக் குழந்தைகளின் முடியை வெட்டிய நாடு அது. அறிவிப்பாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அது சரியே. ஆனால் ஒலிபெருக்கியில் வந்தது ஒரு தனி மனிதனின் கோணல் புத்தி மட்டும்தானா? காசு கொடுத்தவனுக்கு ஆடுகிறவன்மீது எதையும் எறியும் உரிமை உண்டு என்ற எண்ணத்தின்மேல்தான் அரங்கமே நிற்கிறது.

சம்பளம் வாங்கிக்கொண்டே ஒருவன் தன் தெய்வத்துக்காக ஆடலாம். அதை என்னால் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய உரிமையும் எனக்கு இல்லை. நான் பதில் சொல்ல வேண்டியது என் குரலுக்கு மட்டும். அன்று இரவு மூன்றாவது பகுதியில், ஒருவன் பலகையில் மோதி விழுந்தபோது, சுற்றியிருந்தவர்களோடு நானும் கத்தினேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. விழுந்தவன் எழுந்து மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினான்.