போதைக்கு அடிமையாதல் யார் குற்றம்?

போதைப்பொருள் பாவனை இன்று நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. முன்னர் கள், கசிப்பு என்றிருந்த பேச்சு இப்போது ஹெரோயின், ஐஸ் என்று மாறியிருக்கிறது. ஒரு பிள்ளை இதில் அகப்பட்டால் ஊரில் இருவிதமான பேச்சு எழும். “அவன்ரை புத்தி கெட்டுப்போச்சு” என்பார் ஒருவர். “காலம் கெட்டுப்போச்சு, அவன் என்ன செய்வான்” என்பார் மற்றவர். குற்றம் ஆளுடையதா, சூழலுடையதா? இதனைச் சற்று ஆறுதலாகச் சிந்திப்போம்.

வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையினர் பலர் அங்கே மலிவாகக் கிடைத்த ஹெரோயினுக்குப் பழகினர். இவர்கள் வீடு திரும்பினால் நாடு என்னாகும் என்று அரசாங்கம் அஞ்சியது. லீ ரொபின்ஸ் என்ற சமூகவியல் அறிஞர், 1971 செப்டெம்பரில் நாடு திரும்பிய படையினரிடையே ஆய்வு நடத்தினார். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வியட்நாமில் அடிமையாகியிருந்தனர். ஆனால், அவ்வாறு அடிமையாகியிருந்தோரில் திரும்பிய முதல் வருடத்தில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவினரே. போர்க்களத்தின் பயமும் தனிமையும் அங்கேயே நின்றுவிட்டன. ஊரிலே தாயும் மனைவியும் தொழிலும் காத்திருந்தன. எனினும் சூழல் மட்டுமே எல்லாம் என்று சொல்வதற்கில்லை. போருக்கு முன்னரே போதைப் பழக்கம் இருந்தவர்கள் மீண்டும் விழும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

பற்றிக் பியர்னாக்கி என்ற மற்றோர் ஆய்வாளர், சிகிச்சையின்றியே ஹெரோயினை விட்டவர்களைச் சந்தித்து 1986இல் ஒரு நூல் எழுதினார். விட்டவர்கள் வெறுமனே பொருளை மட்டும் விடவில்லை. ‘போதைக்காரன்’ என்ற அடையாளத்தையும் விட்டார்கள் என்பது அவர் கண்ட உண்மை. தகப்பன், தொழிலாளி என்று நிற்பதற்கு வேறோர் இடம் கிடைத்தவர்களுக்கு அது கைகூடியது.

இது நமக்குப் புதிதன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். சிற்றினம் சேராமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சைவசித்தாந்தம். பளிங்கு தன் அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல என்று நம் பெரியோர் விளக்குவர். ஆயினும் ஆன்மா சடப்பொருளன்று. அதற்கு விருப்பமும் அறிவும் செயலும் உண்டு. ஆகவே, தவறியவனுக்குப் பொறுப்பில்லை என்று நாம் கூறவில்லை. அவன் எதைச் சார்ந்து நிற்கிறான் என்பதில் ஊருக்கும் பொறுப்புண்டு என்கிறோம்.

இவ்விடத்தில் என் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்த ஊர், எந்த ஆண்டு என்பது வேண்டாம். மறுவாழ்வு நிலையத்தில் சில மாதங்கள் இருந்து திரும்பிய ஒரு தம்பி, திருவிழாவில் சுவாமி தூக்கத் தோள் கொடுக்க வந்தார். “உவன் தள்ளி நிக்கட்டும்” என்று ஒரு பெரியவர் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. தம்பி சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளிவீதியால் போய்விட்டார். சில வாரங்களில் பழைய கூட்டாளிகளோடு அவரைக் கண்டோம். அவர்கள் மட்டுமே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்தான் காரணம் என்று நான் கூறமாட்டேன். ஆனால் என் மௌனத்துக்கும் அதிலே பங்குண்டு.

முப்பது வருடங்களுக்கு மேல் எழுதுவினைஞராக இருந்தவன் நான். ஒருவரின் சுயவிபரக் கோவையில் ஒருமுறை எழுதப்பட்ட குறிப்பு எவ்வளவு காலம் அவரைத் தொடரும் என்பதை அறிவேன். ஊரும் அப்படியொரு கோவையை வைத்திருக்கிறது. அதிலே ‘தூள்காரன்’ என்று எழுதிவிட்டால், பிள்ளை திருந்தினாலும் எழுத்து அழிவதில்லை.

ஆகவே அன்பர்களே, விற்பவனைச் சட்டத்திடம் ஒப்படைப்போம். அகப்பட்ட பிள்ளையை மறைத்து வைக்காமல் வைத்தியரிடம் கொண்டு செல்வோம். திரும்பி வந்தவனுக்கு ஒரு வேலை கொடுப்போம். அன்னதான மடத்தில் வாளி தூக்கும் வேலையாக இருந்தாலும் போதும். அவனைப் பெற்றோர் வைத்த பெயரால் அழைப்போம். மீண்டும் தவறினால் கண்டிப்போம். ஆனால் கதவைச் சாத்தாதிருப்போம்.

அடுத்த திருவிழாவில் அப்படியொரு தம்பி தோள் கொடுக்க வந்தால், அவருக்குப் பக்கத்தில் நானும் நிற்பேன். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் துணைபுரிவாராக.