கை தொடங்கட்டும், மனம் பின்னே வரும்

(சித்திரைச் சதயத்தில் அப்பர் சுவாமிகள் குருபூஜையை ஒட்டி நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று சித்திரைச் சதயம். அப்பர் சுவாமிகள் திருப்புகலூரில் இறைவன் திருவடி சேர்ந்த நாள். 1,300 ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் நம் சிவாலயங்களில் நால்வர் சந்நிதியில், தோளில் புல் செதுக்கும் உழவாரத்தைச் சாய்த்தபடி அவர் நிற்கிறார். இன்றைக்கு நம்மில் பலரை வாட்டும் ஒரு துன்பத்தை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்கப் போகிறேன்.

சொற்பொழிவு முடிந்து திருநீறு வாங்க வருகிறவர்களில் சிலர் சற்று ஒதுங்கி நிற்பார்கள். கூட்டம் கலைந்தபின் அருகில் வந்து, “ஐயா, எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலை இருக்கு, வீடு இருக்கு, பிள்ளைங்க நல்லா இருக்காங்க. ஆனா எதுவுமே மனசுல ஒட்ட மாட்டேங்குது. கல்யாண வீட்டுக்குப் போனா சிரிச்சுட்டு வர்றேன், சாவு வீட்டுக்குப் போனா மாலையைப் போட்டுட்டு வர்றேன். ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு” என்பார்கள். பேரன் ஓடிவந்து மடியில் விழுகிறான். கை அவன் தலையைத் தடவுகிறது, கண் செல்போனில் இருக்கிறது. சாமி கும்பிடும்போது வாய் பதிகம் சொல்கிறது, நெஞ்சு எங்கேயோ இருக்கிறது. அழுகை வந்தால்கூடத் தேவலை என்று ஏங்குகிற நிலை இது.

இவர்களில் சிலர் தங்களையே தேற்றிக்கொள்ள, “எனக்குப் பற்று விட்டுப்போச்சு ஐயா, ஞானம் வந்துட்டாப்போல இருக்கு” என்றும் சொல்வதுண்டு. அன்பர்களே, இந்த இடத்தில் நாம் நிதானிக்க வேண்டும். மனம் மரத்துப்போவது வேறு, பற்று அறுவது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட அப்பர் சுவாமிகளைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடையாது.

திருப்புகலூரில் அவர் உழவாரப் பணி செய்துகொண்டிருக்கிறார். புல்லைச் செதுக்கிய இடத்திலெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னுகின்றன. இறைவன் அவருடைய நிலையை உலகுக்குக் காட்ட நினைத்தான் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். சுவாமிகள் என்ன செய்தார்? பருக்கைக் கல்லையும் பொன்னையும் ஒரே உழவாரத்தால் ஒன்றாக அள்ளிக் குளத்தில் எறிந்தார். அதுதான் பற்றின்மை.

அதே மனிதரைத் திங்களூரில் பாருங்கள். அப்பூதியடிகள் வீட்டில் அமுது செய்ய இலை போட்டாகிவிட்டது. வாழைக்குருத்து அரியப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டிவிட்டது. குருத்தைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளை விழுந்து இறந்தான். அடியவர் பசியாறுவது தடைப்படக் கூடாதே என்று, பெற்றவர்கள் மகன் உடலை மறைத்துவிட்டு முகம் மலர நிற்கிறார்கள். எல்லோருக்கும் திருநீறு தந்த சுவாமிகள் மூத்த பிள்ளையை அழைக்கச் சொல்கிறார். அவன் இப்போது உதவமாட்டான் என்று தந்தை சொன்ன அந்தச் சொல்லிலேயே சுவாமிகளின் நெஞ்சு தடுமாறிவிட்டது. யாரும் அழவில்லை, யார் முகத்திலும் துயரம் தெரியவில்லை. ஆனாலும் ஒரு வீட்டின் மறைத்த துக்கம் அவர் உள்ளத்தைத் தொட்டது. இலையை விட்டு எழுந்தார், உண்மையைக் கேட்டார், பிள்ளையின் உடலைக் கோயில் முன் கொணரச் செய்து பாடினார். உறங்கி எழுந்தவன் போலப் பிள்ளை எழுந்தான்.

பொன்னைக் குளத்தில் எறிந்த கையும், அயலார் துயரத்துக்குத் துடித்த நெஞ்சும் ஒருவருடையவை. கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் தனக்கு இனிய அடியவனின் இலக்கணத்தைச் சொல்லத் தொடங்கும்போது, எவ்வுயிரையும் வெறுக்காமையையும் நட்பையும் கருணையையும்தான் முதலில் வைக்கிறான். ஆகவே யாருடைய துன்பமும் நம்மைத் தொடவில்லை என்றால், அதற்கு ஞானம் என்று பெயர் சூட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

சரி, மனம் ஏன் மரத்துப்போகிறது? பெரும்பாலும் அடிபட்டதால்தான். அடுக்கடுக்காக வந்த இழப்பு, ஏமாற்றம், ஓயாத வேலை, ஒரே மாதிரியான நாட்கள். இனி வலிக்க வேண்டாம் என்று மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. சாத்திய கதவு துக்கத்தை மட்டும் தடுப்பதில்லை, மகிழ்ச்சியையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

அப்பர் சுவாமிகளின் இளமையை எண்ணிப் பாருங்கள். திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்குப் பிறந்த பிள்ளை. அன்றைய பெயர் மருள்நீக்கியார். தந்தை போனார், தாயும் உடன் போனார். அக்கா திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். அக்காவும் உயிர்விடத் துணிந்தபோது, அந்தச் சிறுவன் காலில் விழுந்து கதறினான். தம்பி பிழைக்க வேண்டும் என்பதற்காக அந்த அம்மையார் உயிரைத் தாங்கிக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு மருள்நீக்கியார் செய்தது என்ன? அறச்சாலை வைத்தார், தண்ணீர்ப்பந்தல் வைத்தார், சோலை வளர்த்தார், குளம் தோண்டினார், வந்தவர்க்கு விருந்து அளித்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நிலையாமையைக் கண்ணால் கண்ட ஒருவர், நிலையில்லாத இந்த உலகத்தின் தாகத்துக்குத் தண்ணீர் வைத்தார். துக்கம் வந்த வீட்டில் கதவைச் சாத்தாமல் பந்தல் போட்டார். நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

பிறகு அவர் சமண சமயம் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரும் கல்வியாளராக விளங்கினார். தமிழுக்குச் சீவக சிந்தாமணி போன்ற செல்வங்களைத் தந்த சமயம் அது. அதை எந்த விதத்திலும் குறை சொல்ல நான் வரவில்லை. சூலை நோய் வந்து வயிற்றைக் குடைந்தபோது அவர் வலியை மறைக்கவில்லை. தம் சமையற்காரரை அக்காவிடம் அனுப்பினார், பிறகு இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அந்த அம்மையார் காலில் விழுந்தார்.

அக்கா அவருக்கு என்ன உபதேசம் செய்தார்? மணிக்கணக்கில் தத்துவம் பேசினாரா? திருநீறு கொடுத்தார். பொழுது விடியுமுன் துடைப்பத்தையும் மெழுகும் சாணத்தையும் தண்ணீர்த் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் அழைத்துக்கொண்டு கெடிலக் கரையிலுள்ள வீரட்டானக் கோயிலுக்கு நடந்தார். அவ்வளவுதான். தினமும் தாம் செய்யும் வேலைக்குத் தம்பியைக் கூட்டிப்போனார். அங்கே அவர் வாயில் முதல் பதிகம் பிறந்தது, நோய் தீர்ந்தது, நாவுக்கரசர் என்ற பெயரும் வந்தது. அதன் பின் அவர் கையில் எடுத்தது உழவாரம்! ஏடு பிடித்துப் பழகிய கை, நாவன்மையால் புகழ் பெற்ற பெரியவர். அந்தக் கை புல் செதுக்கக் கற்றுக்கொண்டது. முதிய வயதில், பிள்ளைப் பருவத்துச் சம்பந்தரின் பல்லக்கைத் தோள் கொடுத்துத் தாங்கவும் கூச்சப்படவில்லை. புதியதொரு செயலுக்கு வயது தடை என்று அவர் நினைத்ததே இல்லை. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் இருவருக்கும் தினம் ஒரு காசு தந்தான். சம்பந்தர் பெற்ற காசுக்கு வட்டம் பிடித்தார்கள், அப்பர் பெற்ற காசு முழு மதிப்புக்குப் போனது. அவர் கைத்தொண்டு செய்தவர் என்பதுதான் சேக்கிழார் சொல்லும் காரணம்.

இதிலிருந்து நான் பெற்ற பாடத்தைச் சொல்கிறேன். உள்ளம் உருகட்டும், பிறகு செய்வோம் என்று நாம் காத்திருக்கிறோம். மரத்த மனத்துக்கு அந்த வழி பலிக்காது. கை முன்னே போக வேண்டும். மனம் பின்னே வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களுக்கு உழவாரப் பணிக்கு வரும் இளைஞர்களை நான் கவனித்திருக்கிறேன். காலையில் வரும்போது பல முகங்களில் ஒரு சோர்வு இருக்கும். கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள்கூட உண்டு. பிரகாரத்தில் குனிந்து, கல் இடுக்கில் வேர்விட்ட நெருஞ்சியைப் பிடுங்குவார்கள். முள் குத்தும், கையை உதறிக்கொள்வார்கள். இன்னொரு பக்கம் ஆண்டுக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். கறுப்பு கரைந்து பித்தளையின் மஞ்சள் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்ததும், தேய்த்துக்கொண்டிருந்த பையன் பக்கத்திலிருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டுவான். அந்தக் குரலில் உயிர் இருக்கும். யாரும் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அவன் கைதான் அவனை எழுப்பியது.

கைக்கு வேலை கிடைத்துவிட்டது. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன வேலை? நன்றி!

வள்ளுவப் பெருந்தகையின் வரிசையைப் பாருங்கள். எட்டாம் அதிகாரம் அன்புடைமை. அதை அடுத்து விருந்தோம்பல், இனியவை கூறல், பதினோராவதாகச் செய்ந்நன்றி அறிதல். அன்பைச் சொன்னவுடனே சோறு போடச் சொல்கிறார், நல்ல சொல் பேசச் சொல்கிறார், பெற்ற உதவியை நினைக்கச் சொல்கிறார். அன்பு இல்லத்தில் நடமாடும் வழி இது.

நன்றி என்றால் எப்படி? “எல்லாருக்கும் நன்றி” என்று பொதுவாகச் சொல்லி முடிப்பதா? அப்பூதியடிகளிடம் கேளுங்கள். சுவாமிகள் வீட்டுக்கு வரும்வரை அவர் அப்பரைக் கண்டதுகூட இல்லை. அவருடைய பெருமையைக் கேள்விப்பட்டே உருகியவர். தண்ணீர்ப்பந்தலுக்கு அவர் பெயர், மடத்துக்கு அவர் பெயர், பெற்ற பிள்ளைகளுக்கு அவர் பெயர். வீட்டு மரக்காலுக்கும் தராசுக்கும், பசுவுக்கும் எருமைக்கும்கூடத் திருநாவுக்கரசு என்றே பெயர். நெல் அளக்கும்போதும் பால் கறக்கும்போதும் அந்த நன்றி நாவில் வந்து நிற்கும். நன்றிக்கு ஒரு முகமும் பெயரும் அன்றாடப் புழக்கமும் வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

நீங்களும் இன்றிரவு தொடங்குங்கள். படுக்குமுன் ஒரே ஒருவரை நினையுங்கள். இன்று அவர் உங்களுக்கு என்ன செய்தார் என்று துல்லியமாக நினையுங்கள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த மனைவி. பேருந்தில் எழுந்து இடம் கொடுத்த பள்ளிப் பிள்ளை. தெருக்கோடியில் குப்பை அள்ளும் அம்மா. மறுநாள் அவரைப் பார்த்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் வீடுகளில் மனைவிக்கும் அம்மாவுக்கும் நன்றி சொல்லும் பழக்கம் குறைவு; “நம்ம வீட்டுக்குள்ள எதுக்கு நன்றி?” என்பார்கள். “இன்னைக்குக் குழம்பு நல்லா இருந்துச்சும்மா” என்றாவது சொல்லுங்கள். தொடக்கத்தில் சொல் மட்டும்தான் வரும், உணர்வு வராது. பரவாயில்லை, சொல்லுங்கள்.

அதோடு, வாரத்துக்கு ஒன்றாக இதுவரை செய்யாத ஒரு காரியம். ஓதுவாரிடம் ஒரு பதிகத்தைப் பண்ணோடு கேட்டுப் பழகுங்கள். அடுப்படிக்கே போகாத ஆண்கள் ஒருநாள் சமைத்து, மற்றவர்க்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணுங்கள். அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணையாகக் காத்திருக்கும் ஒருவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எதிர்வீட்டுப் பெரியவரின் பெயரை இந்த வாரமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நெடுநேரம் சம்மணமிட்டு எழுந்தால் கால் மரத்திருக்கும். ரத்தம் ஓடத் தொடங்கியதும் ஊசி குத்துவதுபோல வலிக்கும். மனமும் அப்படித்தான். நன்றி பழகத் தொடங்கியதும் பழைய துக்கமும் கிளம்பி வரலாம், காரணமில்லாமல் கண் கலங்கலாம். பயப்படாதீர்கள், உணர்வு திரும்புகிறது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லை, வாழ்வதே வீண் என்ற எண்ணம் வருகிறது என்றால், தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்பர் சுவாமிகளே ஆளனுப்பி அக்காவிடம் உதவி கேட்டவர். உதவி கேட்பதில் இழிவு இல்லை.

இந்த வழியில் நடந்தால் எங்கே போய்ச் சேருவோம்? கயிலையைக் காண வேண்டும் என்று சுவாமிகள் முதுமையில் புறப்பட்டார். கால் தேய்ந்தது, கை தேய்ந்தது, உடலால் உருண்டு போனார். இறைவன் தடுத்து, ஒரு தடாகத்தில் மூழ்கச் சொன்னான். எழுந்த இடம் திருவையாறு. அங்கே அவர் கண்டது என்ன? பிடியோடு களிறு வந்தது, பெடையோடு சேவல் வந்தது. குயிலும் மயிலும் நாரையும் தத்தம் துணையோடு வந்தன. நாம் தினமும் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் உயிர்கள்! அவற்றிலேயே சிவத்தையும் சக்தியையும் கண்டார். இன்றும் ஆடி அமாவாசையன்று ஐயாற்றில் அந்தக் கயிலைக் காட்சியைக் கொண்டாடுகிறோம். வாழ்நாளெல்லாம் கைத்தொண்டிலும் நன்றியிலும் பழகிய நெஞ்சுக்கு, கயிலை காவிரிக் கரைக்கே வந்தது.

ஆகவே அன்பர்களே, உணர்ச்சி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்டு, ஒரு துடைப்பத்தோடு பிரகாரத்துக்குப் போங்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வீடு திரும்பியதும் உங்களுக்காக வாழ்ந்த ஒருவரிடம், அவர் செய்ததைச் சொல்லி நன்றி கூறுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே கூறுங்கள்.

திருச்சிற்றம்பலம்.