உள்ளும் புறமும்

உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதே ஒழுக்கம் என்று சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அந்த அளவுகோலால் ஒரு வீட்டை அளக்கப் போய் அண்மையில் நான் தடுமாறிப்போனேன்.

அது கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடன்று. பேரன் ஆடிக்கொண்டிருந்த 'ஸ்கைரிம்' என்னும் வீடியோ விளையாட்டில் வரும் வீடு. 2011-இல் வெளிவந்த விளையாட்டாம். பனிமலை நாட்டில் ஓர் ஊர். அதில் சிறிய மரவீடு. பையன் கதவைத் தொட்டான். திரை ஒரு கணம் மாறிற்று. உள்ளே விசாலமான கூடம்!

"இவ்வளவு பெரிய கூடம் அந்தச் சின்ன வீட்டுக்குள் எப்படியடா அடங்கிற்று?" என்றேன்.

"உள் வேறு, வெளி வேறு தாத்தா. தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள். கதவைத் தொட்டால் இங்கிருந்து அங்கே போய்விடுவோம்" என்றான்.

இது ஏமாற்று அல்லவா?

காரணத்தைக் கேட்டபோது கோபம் தணிந்தது. இத்தகைய விளையாட்டுகளில் வீரனுக்குப் பின்னாலிருந்தும் நாம் பார்க்கலாம். உண்மையான அளவில் அறையைச் செய்தால், அந்தப் பார்வை சுவரில் முட்டும். ஆகவே உள்ளே அகலம் வேண்டும். அதே அளவை வெளியிலும் வைத்தாலோ ஊர் பருத்து, நடந்தே அலுத்துப்போகும். கண்ணுக்காக உள்ளே பெருக்கி, காலுக்காக வெளியே சுருக்கியிருக்கிறார்கள்.

கல்லால் கட்டியவர்களும் இதைச் செய்ததுண்டு. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை 1675 முதல் 1710 வரை கட்டினார்கள். அதை வகுத்த கிறிஸ்டோபர் ரென், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குவிமாடங்களை அமைத்தார். நகரத்தின் கண்ணுக்கு உயர்ந்த மாடம். உள்ளே தொழ வந்தவன் அண்ணாந்து பார்ப்பதோ அதைவிடத் தாழ்ந்த வேறொரு மாடம். இடையில் மறைந்து நிற்கும் செங்கற் கூம்புதான் உச்சியின் பாரத்தைச் சுமக்கிறது. வெளிமாடத்தின் உயரம் முழுவதும் உள்ளே தெரிந்தால், கிணற்றைத் தலைகீழாகப் பார்த்ததுபோல் இருக்கும். உள்மாடத்தின் உயரத்தோடு நிறுத்தியிருந்தால், அது ஊருக்குள் அமுங்கிப்போகும். அவர் இருவரையும் மதித்தார். அதனால் இரண்டு அளவு வைத்தார்.

அப்படியானால் பொய் எது? வேறு பல விளையாட்டுகளில் தெரு முழுதும் அழகிய கதவுகள் உண்டு. பாதிக்கு மேல் திறவா. அவை கதவின் சித்திரங்கள். அங்கேதான் குழந்தையின் கை ஏமாந்து திரும்புகிறது. கதவு என்பது ஒரு வாக்குறுதி. சொன்னதற்கு மேல் கொடுப்பவனை யாரும் பொய்யன் என்பதில்லை.

"மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவேன், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது" என்று நான் பல முறை பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த நேர்மையால் சிலரை வாசலோடு திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். வந்தவர் உட்கார உள்ளே இடமிருந்ததா என்று அப்போது நான் பார்க்கவில்லை.

உள்ளும் புறமும் எனக்கு ஒன்றுதான். அந்த ஒன்று எவ்வளவு சிறியது என்பதைத்தான் இத்தனை நாள் அளக்காமல் இருந்துவிட்டேன்.