விட்டுவிட்டால் போதுமா?

"பிடிச்சு விட்டுடறோம், கொல்லலையே! அப்புறம் என்ன பாவம்?" தூண்டில் போடும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது.

அமெரிக்காவின் டெலாவேர் ஆற்றைப் பாருங்கள். வசந்த காலத்தில் 'ஷாட்' என்ற மீன் முட்டையிடக் கடலிலிருந்து ஏறி வரும். நம்ம தெருபோக் மீனுக்கு உறவுதான். ஆற்றுக்குள் வந்தபின் அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பில்தான் நீந்துகிறது. ஆனாலும், முள்ளில் பளபளப்பாகக் கட்டிய போலிப் பூச்சியை வீசினால் கவ்விவிடும். பலர் அதைப் போராடவிட்டு ரசித்து, பிறகு விட்டுவிடுவார்கள்.

ஷாட் மீனைப் பற்றி 2002-இல் 'தி ஃபவுண்டிங் ஃபிஷ்' என்ற நூலை எழுதிய ஜான் மெக்ஃபீ, தான் சாப்பிடுவதற்காகப் பிடிப்பவர். விட்டுவிடும் பழக்கத்தை அவர் கேள்வி கேட்கிறார்.

நான் சைவம். இருந்தும் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. விட்டுவிட்டால் ஆற்றில் மீன் மிஞ்சும், அது நல்லதுதான். ஆனால், முட்டையிடப் போகும் பயணத்துக்கு வைத்திருந்த பலத்தை நம் பொழுதுபோக்குக்காகச் செலவழிக்க வைத்தோமே, அதற்கு என்ன கணக்கு? பசிக்குப் பிடிப்பவரிடம் ஒரு காரணமாவது இருக்கிறது.

மனம், வாக்கு, காயம் மூன்றாலும் பிற உயிரை வருத்தாமல் இருப்பதே அகிம்சை என்றுதான் நாம் படித்திருக்கிறோம். உயிர் போகவில்லை என்பதால் மட்டும் கணக்கு தீராது.

அடுத்த முறை தூண்டிலை எடுக்கும்போது, 'மீன் பிழைக்குமா?' என்பதோடு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், தம்பி தங்கைகளே: 'அதன் தவிப்பு எனக்கு எதற்கு?'