ஒப்புரவும் நீர்ப்பகிர்வும்: நெய்யாற்று இடதுகரைக் கால்வாயை முன்வைத்து

வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக (22, 23) அமைத்துள்ளார். ஈகை, இல்லாதார்க்கு இரங்கிக் கொடுப்பது; ஒப்புரவு, உடன்வாழ்வோர்க்கு ஆற்றவேண்டிய கடப்பாடு. எல்லை கடக்கும் நீர் இவ்விரண்டனுள் எதன்பாற்படும் என்பதே இக்கட்டுரையின் வினா.

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே ஓடிக் கடலில் கலக்கிறது. எனினும் நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டத்தைக் கடந்து விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் தருமாறு திருவிதாங்கூர்-கொச்சி அரசால் திட்டமிடப்பட்டது. 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன் பின்னரும் வந்துகொண்டிருந்த நீர் 2004இல் நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தை அணுகியது.

நெய்யாறு மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறன்று என்பது கேரளத்தின் வாதம். ஆற்றின் போக்கை மட்டும் நோக்கின் இது பொருந்தும். ஆயின், ஆறு எவருடையது என்பது ஒரு வினா. அதன் நீரை நம்பி உழவு செய்தோர்க்கு ஆற்றவேண்டியது யாது என்பது மற்றொன்று. முதல் வினாவின் விடையே இரண்டாவதற்கும் விடையாகுமெனில், நீர் ஈகையாகிவிடும். ஈவோன் நிறுத்தினால் கேட்பதற்கு இடமில்லை. எல்லைக்கோடு தோன்றுமுன்னரே வகுக்கப்பட்ட கால்வாயை அவ்வாறு கருதுதல் இயலாது.

மழை குன்றி மேலிருப்போர்க்கே நீர் போதாதபோது என் செய்வது? வளம் சுருங்கிய காலத்தும் கடனறிந்தோர் ஒப்புரவில் தளரார் என்பது 218ஆம் குறளின் கருத்து. வளம் குன்றும்போது பங்கின் அளவும் குறையலாம், கடன் ஒழியாது. சிக்கனமாகப் பயன்படுத்துதலும் கால்வாய்ப் பராமரிப்பில் பங்கேற்றலும் கீழிருப்போரின் கடனாகும்.

நெய்யாற்றுக்கு மழையே முதல். பனிமலை நாடுகளுக்கோ பனியாறுகளே வறட்சிக்கால நீர்த்தேக்கங்கள். பொலிவியாவின் சக்கால்தாயா பனியாறு 2009இல் முற்றிலும் மறைந்தது. புவியை வெப்பமாக்கிய புகையில் இத்தகைய ஏழை நாடுகளின் பங்கு மிகச் சிறிது. எனினும், காலநிலை மாற்றத்தால் நேரும் இழப்புக்குப் பொறுப்போ இழப்பீடோ கோர அடிப்படையாகாது என 2015ஆம் ஆண்டுப் பாரிசு மாநாட்டின் தீர்மானம் வரையறுத்தது. 2022இல் இழப்புக்கென நிதியம் அமைக்க இசைந்தபோதும் அவ்வரையறை நீங்கவில்லை. அதாவது, கடன் ஈகையாகவே பெயரிடப்படுகிறது. விளவங்கோட்டில் தடைப்பட்டது பகிர்வு. பொலிவியாவில் அழிந்தது ஊற்றே. ஆகவே அங்குக் கடன் இன்னும் கடுமையானது.

முடிவாக, நீர்ப்பகிர்வை ஈகையெனக் கொள்வது பெறுவோரை இரப்போராக்கும். ஒப்புரவெனக் கொள்வது இருபாலாரையும் கடனுடையோராக்கும். வள்ளுவர் இவ்விரண்டையும் வேறு வேறாக வைத்ததன் பயன் இதுவெனலாம்.