குறையுங் குற்றமும்

ஒரு துன்பம் நேர்ந்தவிடத்து, "இஃது எவ்வாறு வந்தது?" என வினாவுதலும், "இஃது யாரால் வந்தது?" என வினாவுதலும் ஒன்றல்ல. முன்னையது காரணத்தை ஆராய்வது. பின்னையது குற்றவாளியைத் தேடுவது. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்கிக் கொண்டமையால் உலகத்தில் விளைந்த தீங்குகள் பல. அவற்றுள்ளே, வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெற்றார்மீது சுமத்தப்படும் பழி மிகக் கொடிதாகும். ஒரு நோயை உதாரணமாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

1954ஆம் ஆண்டிலே, வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியராகிய அந்திரேயாஸ் றெற் என்பவர், தம்மைக் காணவந்து காத்திருந்த இரண்டு பெண்குழந்தைகள் ஒரே விதமாகக் கைகளைப் பிசைந்துகொண்டிருத்தலைக் கண்டார். அவ்வாறான பிறரையும் தேடிக்கண்டு, 1966இல் ஜேர்மன் மொழியில் அந்நோயை விவரித்தார். 1983இல் சுவீடன் தேசத்து ஹாக்பெர்க் என்பவரும் அவரோடு சேர்ந்தோரும் ஆங்கிலத்தில் எழுதியபின்னரே உலகம் அதனை அறிந்தது. றெற் என்பவர் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. பெண்குழந்தைகளுள் ஏறக்குறையப் பதினாயிரவருக்கு ஒருவரை இது பற்றும். குழந்தை பிறந்து ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையிற் பெரும்பாலும் யாதொரு வேறுபாடுமின்றி வளரும். பின்னர்ப் பேசிய சொற்கள் ஒவ்வொன்றாக மறையும், பொருளைப் பற்றிய கை பற்றுதலை மறக்கும், நடை தளரும், சிலர் ஒருபோதும் நடவார்.

இக்குழந்தைகளிற் பலர் ஒருகாலத்தில் ஓட்டிசம் என்னும் நிலையினரென்றே கருதப்பட்டனர். அந்நிலையோ தாயின் அன்பின்மையால் விளைவதென்று அக்காலத்து மேனாட்டறிஞர் சிலர் கூறினர். 1967இல் சிக்காகோ நகரத்துப் புறூனோ பெற்றல்ஹைம் என்பவர் எழுதிய நூல் அக்கொள்கையை எங்கும் பரப்பிற்று. அத்தகைய மைந்தனொருவனுக்குத் தந்தையாகிய பேர்ணாட் றிம்லண்ட் என்பவர் 1964இலேயே அதனை மறுத்தெழுதியிருந்தும், பழி எளிதில் நீங்கவில்லை. இரவெல்லாம் விழித்துப் பிள்ளையைத் தாங்கிய தாயை நோக்கி, "நீ அன்பு செய்யாமையால் இது வந்தது" என்று கற்றோரே கூறினர். நோயினும் கொடிய சொல் இதுவன்றோ?

மெய்க்காரணம் 1999இல் வெளிப்பட்டது. லெபனானிற் பிறந்து அமெரிக்க தேசத்து ஹூஸ்ரன் நகரில் ஆராய்ச்சி செய்த ஹூடா சொக்பி என்னும் அம்மையாரும், அவரோடு உழைத்த றூதி அமீர் முதலியோரும், எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள எம்.ஈ.சி.பி.2 என்னும் பரம்பரையலகின் பழுதே இந்நோய்க்கு மூலமெனக் கண்டனர். பரம்பரையலகை மரபணு எனவும் வழங்குவர்.

அதன் தொழில் யாதெனிற் கூறுதும். மனிதவுடம்பின் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரை நூல் எழுதப்பட்டிருக்கின்றது. ஈரற்கலமும் மூளைக்கலமும் வேறுபடுதல், வாசிக்கப்படும் பகுதிகள் வேறாதலினாலேயாம். பழைய ஏட்டுச் சுவடிகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் வழக்கமன்று. எவ்வெழுத்தை மெய்யாக ஒலித்தல் வேண்டுமென்பதை வாசிப்போனே அறிந்து வாசித்தல் வேண்டும். அவ்வறிவில்லாதவன் வாசிப்பின், எழுத்தெல்லாம் செவ்வையாயிருந்தும் பொருள் சிதையும். பரம்பரை நூலிலும் சில எழுத்துக்களின்மீது மெதயில் என்னும் நுண்ணிய இரசாயனக் குறி உண்டு. அக்குறியைப் பற்றி நின்று, அடங்கவேண்டிய பகுதியை அடங்கச்செய்யும் புரதமொன்றை ஆக்குவதே மேற்கூறிய பரம்பரையலகின் தொழில். அப்புரதத்தை 1992இல் ஏட்ரியன் பேர்ட் என்பவரது ஆய்வுக்குழுவினர் கண்டறிந்திருந்தனர். அது பழுதுறின், மூளைக்கலங்களிலே மற்றைப் பரம்பரையலகுகள் பல தாம் பழுதின்றியிருந்தும் சிறிது மிகையாகவோ குறைவாகவோ தொழிற்படும், மூளை ஒழுங்கிழக்கும். அப்புரதம் மிகினும் நோயேயாம். அப்பரம்பரையலகு இருமடங்காக அமைந்த ஆண்குழந்தைகள் வேறொரு கொடிய வளர்ச்சி நோயால் வருந்துகின்றனர். ஆதலின் உடலுக்கு வேண்டப்படுவது அளவே என்க.

இனி, அப்பழுது வந்தவாற்றை நோக்குவாம். இந்நோயாளரிற் பெரும்பாலாரிடத்து அது பெற்றாரிடமிருந்து வழிவழி வந்ததன்று, புதிதாகத் தோன்றியது. அதுவும் பெரும்பாலும் தந்தையின் விந்துக்கலத்திலே தோன்றியது. மெதயிற் குறியேற்ற எழுத்தானது இயல்பாகவே வேறோரெழுத்தாகத் திரிதற்கு எளிது. இந்நோய்க்குக் காரணமாகிய பழுதுகளிற் பல அத்தகையனவே. வாசிப்பை ஒழுங்குசெய்தற்கு அமைந்த குறியே எழுத்துத் திரிதற்கும் இடமாயிற்று.

தாயின்மீது ஏற்றிய பழி இவ்வாறு வேரற்றது. அற்றேல், தந்தை குற்றவாளியோ எனின், அவருமல்லர். ஒருவரைக் குற்றவாளி என்றற்கு மூன்று வேண்டும்: செய்வதை அறிந்திருத்தல், அதனை விரும்புதல், செய்யாதொழிதற்கு ஆற்றலுடையராதல். விந்துக்கலத்தில் ஓரெழுத்துத் திரிந்ததைத் தந்தை அறிந்தாரல்லர், விரும்பினாரல்லர், தடுக்கவும் வல்லரல்லர். ஆகவே இங்கே குறை உண்டு, குற்றம் இல்லை. "அவ்வீட்டிலே நோயுண்டு" என்று கூறி அக்குழந்தையின் தங்கைக்கு வந்த திருமணத்தைத் தடுப்போர் இதனை அறிவாராக. இந்நோய் ஒரு குடும்பத்தில் மீண்டும் தோன்றுதல் மிக அரிது.

"அங்ஙனமாயின், பெற்றார்க்கு யாதொரு கடமையும் இல்லையோ?" எனின், உண்டு. கருவுற்ற காலத்தில் மதுவருந்துதல் சிசுவின் மூளைக்குத் தீங்கு என்பது தெளிந்த உண்மை. அறிந்து தவிர்க்கக்கூடியதைத் தவிர்த்தல் கடமையே. அறிவும் ஆற்றலும் சென்றவளவே கடமையும் செல்லும். அவ்வெல்லைக்கு அப்பால் பழியைச் செலுத்துதல் அநீதி.

"எல்லாம் முன்வினைப் பயனன்றோ?" என வேறு சிலர் வினாவுவர். வினைக்கொள்கை ஒருவன் தன் ஒழுக்கத்தைத் திருத்துதற்குக் கூறப்பட்டது. அயல்வீட்டார் கணக்கை வாசித்தற்குத் தந்த ஏடன்று. பிறர் முன்வினையை நாம் அறியோம். அறியாததை அறிந்ததுபோலக் கூறித் தீர்ப்பளிப்பவன் பொய்ச்சான்று கூறியவனாவன். அன்றியும், துன்புற்றாரைக் கண்டவிடத்து நாம் செய்வதும் ஒரு வினையேயாம். அதன் பயன் நம்மையே சாரும்.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? 2007இல் எடின்பரோ நகரத்திலே, ஏட்ரியன் பேர்டும் அவர்தம் குழுவினரும் அப்பரம்பரையலகு அடக்கப்பட்டமையால் நோயுற்ற எலிகளில் அதனை மீளத் தொழிற்படச் செய்தனர். முற்றிய நோய்க்குறிகளும் பெரிதும் நீங்கின. மூளைக்கலங்கள் இறந்தொழியவில்லை, தொழில் தடைப்பட்டே கிடந்தன என்பது இதனாற் பெறப்பட்டது. எலியிற் கண்டது மனிதர்க்கு இன்னும் முற்றாகக் கைகூடவில்லை. 2023 மார்ச்சு மாதத்தில் அமெரிக்க அரசு இந்நோய்க்கென முதன்முதல் அனுமதித்த மருந்தும் நோய்க்குறிகள் சிலவற்றைத் தணிப்பதேயன்றி மூலத்தை நீக்குவதன்று. எனினும் ஒரு படிப்பினை இப்பொழுதே நமக்கு உண்டு. இக்குழந்தைகளிற் பலர் வாயாற் பேசாராயினும் கண்ணாற் பேசுவர். கண் நோக்குமிடத்தை அறியும் கருவிகளின் துணையால் தம் விருப்பத்தைத் தெரிவிப்போரும் உளர். ஆதலால், பேசாத பிள்ளை உணராது என்றெண்ணி அதன் முன்னிலையிலே அதனை இகழ்ந்து பேசுதல் பெரும்பிழையாம்.

அன்பர்களே, அத்தகைய பிள்ளையுள்ள இல்லத்துக்குச் செல்வீராயின், "யார் செய்த பாவம்?" என்று வினாவாதொழிக. பிள்ளையின் கண்ணை நோக்கி, அதன் பெயர் சொல்லி அழைமின். மறுமொழி தாமதித்து வரும், அதுவரை பொறுத்திருமின். பின்னர்த் தாயை நோக்கி, "அம்மா, இன்று சிறிது நேரம் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கின்றேன், நீர் இளைப்பாறும்" என்று கூறுமின்.